பிள்ளை செத்த செய்தியை வீட்டுக்கு எழுதியவர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அன்றைய ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் நிஜமா, சாதாரண சிப்பாய்களின் வீட்டுக்கும் இப்படிக் கடிதம் போனதா, போன கடிதங்களில் உண்மை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாறு சொல்லிக்கொடுத்த வருடங்களில் பாடத்திட்டத்துக்கு வெளியே நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்தக் கடிதங்களைத்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் லிங்கன் கடிதம். அது 1864 நவம்பர் 21 தேதியிட்டது. பாஸ்டனில் இருந்த லிடியா பிக்ஸ்பி என்ற விதவைக்குப் போனது. மாசசூசெட்ஸ் மாநிலப் படை அலுவலகத்தின் தலைமை அதிகாரி வில்லியம் ஷௌலரிடம் அந்த அம்மாள் தன் கதையைச் சொல்ல, அவர் நம்பி ஆளுநர் ஜான் ஆண்ட்ரூவிடம் கொண்டுபோக, ஆளுநர் வாஷிங்டனுக்கு எழுதினார். பதில் வந்ததும் ஷௌலரே அந்த அம்மாளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நவம்பர் 25ஆம் தேதி மாலைப் பத்திரிகையில் கடிதம் அச்சேறிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அச்சேறிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் செத்தார்கள் என்று உறுதியாகத் தெரிவது இரண்டு பிள்ளைகள்தான். சார்லஸ் 1863 மே மாதம் ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கத்தில் நடந்த சண்டையிலும், ஆலிவர் 1864 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையிலும் இறந்தார்கள். ஹென்றி எதிரியிடம் சிறைப்பட்டு, மீண்டு வந்து, முறையாக விடுவிக்கப்பட்டார். எட்வர்ட் படையைவிட்டு ஓடிப்போனவர். ஜார்ஜ் பிடிபட்ட பிறகு எதிரிப் பக்கம் சேர்ந்தார் என்று ஒரு பதிவும், சிறைமுகாமில் செத்தார் என்று இன்னொரு பதிவும் இருக்கின்றன. லிங்கனுக்கு இதெல்லாம் தெரியாது. அவரிடம் வந்த காகிதத்தில் ஐந்து என்று இருந்தது, ஐந்து என்றே எழுதினார்.

எழுதியது லிங்கன்தானா என்பதும் தனி வழக்கு. அசல் கடிதம் இதுவரை கிடைக்கவில்லை. அந்த அம்மாளே கிழித்துப் போட்டுவிட்டார் என்று அவருடைய சந்ததியினர் பின்னால் சொன்னார்கள். லிங்கனின் செயலாளர் ஜான் ஹே எழுதியது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. 2017இல் பிரிட்டனைச் சேர்ந்த மொழியியல் ஆய்வாளர்கள் இருவருடைய எழுத்திலும் உள்ள சொற்சேர்க்கைகளைக் கணினியில் வைத்து ஒப்பிட்டு, ஹே பக்கமே தராசு சாய்கிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 'சுதந்திரத்தின் பலிபீடத்தில் இவ்வளவு விலையுயர்ந்த காணிக்கையை வைத்த பெருமை உங்களுடையது' என்ற கருத்தில் முடிகிறது அந்தக் கடிதம். அந்த வரி ஹொனலுலு ராணுவக் கல்லறையில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கல்லில் வெட்ட ஏற்ற வாக்கியம்தான். ஆனால் கடிதத்தில் செத்த பிள்ளைகளின் பெயர்கூட இல்லை. யாருடைய தாய்க்கு அனுப்பியிருந்தாலும் பொருந்தும்.

லிங்கன் தம் கையால் எழுதிய, யாரும் சந்தேகப்படாத இரண்டு கடிதங்கள் உண்டு. யாராவது எதையாவது பகிர வேண்டுமென்றால் அவற்றைப் பகிரட்டும்.

ஒன்று, எல்மர் எல்ஸ்வொர்த்தின் பெற்றோருக்கு எழுதியது. ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கனின் வக்கீல் அலுவலகத்தில் இருந்த பையன். 24 வயதில் கர்னல். 1861 மே 24 அன்று வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு விடுதியின் கூரையில் பறந்த, பிரிந்துபோன தென் மாநிலங்களின் கொடியை இறக்கி எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது விடுதிக்காரர் சுட்டுவிட்டார். உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் விழுந்த முதல் அதிகாரி. மறுநாளே லிங்கன் எழுதினார். உருவத்திலும் வயதிலும் சிறுவன், ஆனால் ஆட்களை நடத்தும் திறமை அசாதாரணம். இரண்டு வருடத்துக்கும் குறைவான பழக்கம். அவன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டதில்லை. அவன் நல்லவன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம், பெற்றோரை ஒருநாளும் மறந்ததில்லை. இப்படிப் போகிறது கடிதம். கடைசியில் கையெழுத்துக்கு மேல், உங்களோடு ஒரே துக்கத்தில் இருக்கும் நண்பன் என்று போட்டிருக்கிறார். வெளியூரில் இருந்த மகன் தங்களை நினைத்துக்கொண்டிருந்தானா என்பதுதான் பெற்றவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது. அதை அவர் எழுதினார்.

இன்னொன்று, ஃபேனி மெக்கலக் என்ற இளம்பெண்ணுக்கு 1862 டிசம்பர் 23 அன்று எழுதியது. அவளுடைய அப்பா வில்லியம் மெக்கலக் இல்லினாய் மாநிலம் ப்ளூமிங்டனில் கோர்ட் குமாஸ்தா. லிங்கன் ஊர் ஊராக வழக்காடப் போன காலத்துப் பழக்கம். ஒரு கையை ஏற்கெனவே இழந்தவர், அப்படியும் படையில் சேர்ந்தார். டிசம்பர் 5ஆம் தேதி மிசிசிப்பியில் காஃபிவில் அருகே இறந்தார். மகள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று செய்தி வந்தது. இருவருக்கும் நண்பரான நீதிபதி டேவிட் டேவிஸ், நீங்கள் ஒரு வரி எழுதுங்கள் என்று லிங்கனிடம் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதத்தில் நாடு இல்லை, வெற்றி இல்லை, தியாகம் இல்லை. உன் அப்பா அன்பானவர், தைரியசாலி என்று ஒரு வரி. பிறகு முழுக்க முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றித்தான். இந்த உலகத்தில் துக்கம் எல்லோருக்கும் வரும், இளையவர்களுக்கு அது சொல்லாமல் வருவதால் வலி அதிகம் என்கிறார். காலம் போனால் ஒழிய முழு ஆறுதல் கிடையாது என்று ஒளிக்காமல் சொல்கிறார். இனி ஒருநாளும் நன்றாக இருக்கப்போவதில்லை என்று உனக்கு இப்போது தோன்றும், அப்படித்தானே, ஆனால் அது தவறு, மறுபடி சந்தோஷமாக இருப்பாய், எனக்குப் பட்டுத் தெரியும் என்கிறார். ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்தவர் அவர். அந்த 1862 பிப்ரவரியில்தான் வெள்ளை மாளிகையிலேயே 11 வயது மகன் வில்லி காய்ச்சலில் போயிருந்தான். பத்து மாதம்தான் ஆகிறது. பட்டுத் தெரியும் என்று எழுதிய பேனா எந்த மனிதனுடையது என்று நினைத்துப் பாருங்கள். பிக்ஸ்பி கடிதத்தின் பத்துப் பிரதிகளைவிட இந்த ஒரு கடிதத்தை நான் மதிக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, சாதாரண சிப்பாய் வீடு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீட்டுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு அரசாங்கத்தில் யாருக்கும் கிடையாது. பத்திரிகையில் வரும் பட்டியலில் பெயர் தேடுவார்கள். பெயர் தப்பாக அச்சாகியிருக்கும், 'லேசான காயம்' என்று போட்டவர் செத்திருப்பார், செத்தார் என்று போட்டவர் திண்ணையில் வந்து நிற்பார். கழுத்தில் மாட்டும் அடையாளத் தகடு அப்போது இல்லை. 1864 ஜூனில் கோல்டு ஹார்பர் தாக்குதலுக்கு முந்தைய இரவு வீரர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் காகிதத்தில் எழுதிச் சட்டை முதுகில் குத்திக்கொண்டதாக ஒரு அதிகாரி பதிவு செய்திருக்கிறார். நாளை நம் உடலைப் பார்ப்பவன் வீட்டுக்கு ஒரு வரி எழுதட்டும் என்ற ஒரே எண்ணம்.

ஆக, எழுதியவர்கள் பக்கத்தில் படுத்திருந்தவர்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்தவர்கள் ஒரே கம்பெனியில் இருப்பார்கள். நான் விழுந்தால் நீ எங்கள் வீட்டுக்கு எழுது, நீ விழுந்தால் நான் எழுதுகிறேன் என்று பேசி வைத்துக்கொள்வார்கள். இந்தக் கடிதங்களில் ஒரு அமைப்பு இருக்கிறது. தனக்குச் சாவு வருகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, பயப்படவில்லை, கடவுளை நினைத்தான், அம்மாவைச் சொன்னான், இன்ன இடத்தில் இன்ன மரத்தடியில் புதைத்துத் தலைமாட்டில் பலகை வைத்திருக்கிறோம். தலைமுடிக் கற்றை ஒன்றும் கூட வரும். அந்தக் காலத்து அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சாவு என்பது வீட்டுக் கட்டிலில், உறவு சுற்றி நிற்க, கடைசி வார்த்தையைக் காதில் வாங்கி நடக்க வேண்டிய ஒன்று. கடைசி வார்த்தையை வைத்துத்தான் மகனின் ஆத்மா கரையேறியதா என்று தாய் தெரிந்துகொள்வாள். போர்க்களம் அந்தக் கட்டிலைப் பறித்துக்கொண்டது. அதைக் காகிதத்திலாவது போட்டுக் கொடுக்க இந்தப் பையன்கள் முயன்றார்கள். மகனுக்கு முதுகில் பட்டதா மார்பில் பட்டதா என்று தேடிப்போன கிழத்தாயைப் பாடிய மொழி நம்முடையது. எப்படிச் செத்தான் என்ற கேள்வி, செத்தான் என்ற செய்தியைவிடப் பெரிதாக இருக்க முடியும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் போரில் செத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் குண்டடியில் சாகவில்லை, நோயில் செத்தார்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, நிமோனியா. அதனால் எழுதவேண்டிய வேலை பெருமளவு ஆஸ்பத்திரி வார்டுகளில் விழுந்தது. கவிஞர் வால்ட் விட்மன், அடிபட்ட தம்பியைத் தேடி 1862 டிசம்பரில் கிளம்பியவர், அப்படியே வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் தங்கிவிட்டார். 1863 ஆகஸ்டில் டைபாய்டில் இறந்த 141வது நியூயார்க் படைப்பிரிவுச் சிப்பாய் ஒருவரின் பெற்றோருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அந்தப் பையன் படையில் குழல் ஊதுபவன். கட்டிலுக்குப் பக்கத்தில் சிறிய மேசையில் குழல் கிடந்தது, குணமானதும் உங்களுக்கு ஒரு பாட்டு வாசிக்கிறேன், ஆனால் எனக்கு இன்னும் நன்றாக வராது என்று அவன் சொன்னான் என்று எழுதியிருக்கிறார். விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் மணிக்கணக்காக அவன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்கிறார். பெயரோ புகழோ இல்லாமல் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன், அவன் நினைவுக்கு என்னால் ஆனது இந்தக் கடிதம் என்கிறார். அந்த வீட்டில் இதை எத்தனை முறை படித்திருப்பார்கள்! பையன் சொன்ன 'இன்னும் நன்றாக வராது' என்ற வார்த்தையைப் பெற்றவர்கள் அவன் குரலிலேயே கேட்டிருப்பார்கள்.

எழுத ஆள் இல்லாமல் போனவர்கள் கதை வேறு. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் ஒரு சிப்பாயின் உடல் கிடைத்தது. கையில் மூன்று குழந்தைகள் இருக்கும் கண்ணாடித் தகட்டுப் படம். வேறு எந்த அடையாளமும் இல்லை. அந்தப் படம் ஜான் ஃபிரான்சிஸ் போர்ன்ஸ் என்ற டாக்டரிடம் வந்து சேர்ந்தது. அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா பத்திரிகை ஒன்று 'இவர் யாருடைய அப்பா?' என்று கேட்டுச் செய்தி வெளியிட்டது. அப்போது பத்திரிகையில் புகைப்படம் போட வழியில்லை. அதனால் வார்த்தையிலேயே விவரித்தார்கள்: இரண்டு பையன்கள், ஒரு பெண், மூத்த பையன் சட்டைத்துணியும் பெண்ணின் கவுன் துணியும் ஒன்றே. நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சிற்றூரில் ஒரு மனைவி அந்த வரிகளைப் படித்தாள். தான் வெட்டித் தைத்த துணி. கணவனுக்கு அனுப்பிய படம். அமோஸ் ஹ்யூமிஸ்டன் என்ற பெயர் அப்படித்தான் திரும்பக் கிடைத்தது. முகவரி தெரியாமல் ஊரெல்லாம் போட்ட இரங்கல் கடிதம் என்றே இதை நான் நினைக்கிறேன்.

போர் முடிந்த பிறகு, போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்த கிளாரா பார்ட்டன் வாஷிங்டனில் ஒரு அறையில் அலுவலகம் போட்டு, காணாமல் போனவர்களைப் பற்றிக் குடும்பங்கள் எழுதிய 63,000க்கும் மேற்பட்ட கடிதங்களை 1868 வரை கையாண்டார். சுமார் 22,000 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடித்துச் சொன்னார். மற்ற வீடுகள் காத்திருந்தன.

முதல் உலகப்போர் வரும்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் இதற்கென்றே இயந்திரம் வந்துவிட்டது. அதிகாரி செத்தால் வீட்டுக்குத் தந்தி. சாதாரணச் சிப்பாய் செத்தால் தபாலில் ஒரு படிவம், எண் பி.104-82. 'தங்களுக்குத் தெரிவிப்பது என் வேதனையான கடமை' என்று அச்சடித்திருக்கும்; கீழே கோடு போட்ட இடத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, தேதி, காரணம் என்று குமாஸ்தா பேனாவால் நிரப்புவார். காணாமல் போனவர்களுக்கு அடுத்த எண், 83. சாவிலும் பதவி பார்த்துத் தந்தியும் தபாலும் என்று பிரித்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. தந்தியின் கொடுமை வேறு மாதிரி. நம் வீடுகளிலும் தந்தி என்றாலே பிரிக்கும் முன்பே அழத் தொடங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது, அவர்களுக்கு இது புரியும். கவிஞர் வில்ஃபிரெட் ஓவன் 1918 நவம்பர் 4ஆம் தேதி இறந்தார். ஷ்ரூஸ்பரியில் பெற்றோர் கையில் தந்தி சேர்ந்தது நவம்பர் 11, போர் நின்றதென்று ஊர் மணிகள் அடித்துக்கொண்டிருந்தபோது.

படிவத்துக்குப் பின்னால் சில நாளில் மனிதர் எழுதிய கடிதம் வரும். கம்பெனி அதிகாரி, பாதிரியார், ஆஸ்பத்திரியில் செத்திருந்தால் செவிலியர், அல்லது கூட இருந்த சிப்பாய். அதிகாரி என்றால் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். நாள் முழுக்கச் சண்டை, இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பதினைந்து தாய்மார்களுக்குக் கடிதம். சிலரை அவனுக்கு நன்றாகத் தெரியும், சிலர் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, முகமே நினைவிருக்காது. 1916 ஜூலை 1, சோம் தாக்குதலின் முதல் நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். சில கம்பெனிகளில் கடிதம் எழுதவேண்டிய அதிகாரிகளும் அந்தக் கணக்கிலேயே இருந்தார்கள்.

இந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் வரிகள் மூன்று. உடனே உயிர் போய்விட்டது. வலி தெரியவில்லை. எல்லோருக்கும் பிரியமானவன்.

பொய்யா என்றுதான் கேட்கிறீர்கள். பல நேரம் பொய்தான். பீரங்கிக் குண்டுச் சிதறல் வயிற்றில் பட்டவன், இரண்டு பக்கப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே முள்கம்பியில் மாட்டி இரவெல்லாம் கத்தியவன், இவர்களைப் பற்றி எந்தப் பையன் அவன் அம்மாவுக்கு எழுதுவான்? எழுதியவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரி தேய்ந்துபோனது. பக்கத்து வீட்டுக்கும் அதே வரி வந்தது, எதிர் வீட்டுக்கும் வந்தது. எல்லோருமே உடனே, வலியில்லாமல் செத்தார்கள் என்றால் யாருக்குத்தான் வலித்தது என்று தாய்மார்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். விடுப்பில் வந்த பையன்களை வழிமறித்துக் கேட்டார்கள்.

இதற்கு நேரெதிரான வழி ஒன்றும் அதே போரில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் ஆல்ஃபிரெட் டீக்கினின் மகள் வேரா டீக்கின், 23 வயதில், 1915 அக்டோபரில் கெய்ரோவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் விசாரணை அலுவலகத்தைத் தொடங்கினார். மறுவருடம் அது லண்டனுக்குப் போனது. அவருடைய ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், காயம்பட்டுக் கிடந்தவர்களிடம், இன்னாரைத் தெரியுமா, கடைசியாக எங்கே பார்த்தாய் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு முரண்படும். இரண்டையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். உயரமானவன், நெற்றியில் தழும்பு, சமையலறைக்குப் பக்கத்தில் நின்றான், குண்டு விழுந்தது, அப்புறம் ஒன்றும் மிஞ்சவில்லை என்ற ரீதியில் சாட்சிகள். ஏறக்குறைய 32,000 கோப்புகள் இன்றும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, எவரும் படிக்கலாம். படிக்கக் கனமாகத்தான் இருக்கும். ஆனால் நன்றி சொல்லிக் குடும்பங்கள் எழுதிய பதில்களும் அதே கோப்புகளில் இருக்கின்றன. தெரிந்துகொள்வது தெரியாமல் இருப்பதைவிட மேல் என்று அந்த வீடுகளில் பல முடிவு செய்திருந்தன. நானும் அந்தக் கட்சி.

தெரியாமல் இருப்பது என்ன செய்யும் என்பதற்கு ரட்யார்ட் கிப்ளிங்கைப் பாருங்கள். கண்பார்வை சரியில்லை என்று தள்ளப்பட்ட மகன் ஜானை, செல்வாக்கைப் பயன்படுத்தி ஐரிஷ் காவற்படையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். 1915 செப்டம்பர் 27, லூஸ் சண்டை. ஜானுக்கு 18 முடிந்து ஆறு வாரம். காணவில்லை என்றுதான் செய்தி வந்தது. அந்தப் படைப்பிரிவில் உயிரோடு திரும்பியவர்களை வருடக்கணக்காகத் தேடிப்பிடித்து ஒவ்வொருவரிடமும் கேட்டார். 1936இல் கிப்ளிங் இறக்கும்வரை விடை இல்லை. 1992இல்தான் ஒரு கல்லறையில் ஜான் பெயரைப் பொறித்தார்கள், அது சரியான கல்லறைதானா என்று அதற்குப் பிறகும் வாதம் நடந்தது. உலகமே படித்த எழுத்தாளருக்கு இந்தக் கதி என்றால் சுரங்கத் தொழிலாளி வீட்டில் என்ன நடந்திருக்கும்.

போர் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெண்கல வட்டத் தகடு போனது, கிட்டத்தட்ட 12 செ.மீ. அகலம். லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் போட்டியில் வென்ற வடிவம். 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். இதில் மட்டும் பதவி போடவில்லை, வெறும் பெயர், எல்லோரும் சமம். கூடவே ராஜா ஐந்தாம் ஜார்ஜின் கையெழுத்தை அச்சடித்த ஒரு சீட்டு. சனங்கள் அந்தத் தகட்டுக்கு வைத்த பெயர் 'செத்தவன் காசு'.

இரங்கல் கடிதமே வராத வீடுகளையும் சொல்லாமல் விட முடியாது.

பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தன் ஆட்களையே சுட்டது. அப்படிச் சாகடிக்கப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வந்தது. முதல் வருடங்களில் அந்த வீடுகளுக்கு, தண்டனை விதித்துச் சுடப்பட்டார் என்று அப்பட்டமாக எழுதி அனுப்பினார்கள். 1917 கடைசியில்தான், பணியில் இறந்தார் என்று மட்டும் தெரிவித்தால் போதும் என்று அரசு இறங்கிவந்தது.

இந்தியச் சிப்பாய்கள் அந்தப் போரில் 74,000 பேர் இறந்தார்கள். பிரான்சிலிருந்து அவர்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்கள் பூலோனில் தணிக்கைக்குப் போயின. பெரும்பாலானவர்களுக்கு எழுதத் தெரியாது, யாரோ ஒருவர் சொல்லக்கேட்டு எழுதுவார். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வழியில்லை. 'கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைப் போடுகிறார்கள்' என்று ஒருவர் எழுதினார். கறுப்பு என்றால் நம்மவர், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர். ஊரில் யாராவது புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை. இரங்கல் கடிதத்துக்குப் பதில் மிளகுக் கணக்கு! தணிக்கைக்காரருக்கும் அது புரிந்தது, அதனால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது.

மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை உட்பட இந்தியப் படைகள் போரிட்ட மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்தவர்களுக்கு பாஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 40,000 பேருக்கு மேல். அதில் பிரிட்டிஷ்காரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எத்தனை பேர் என்ற எண்ணும்தான். 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்க, இந்திய, மற்ற நாட்டு வீரர்களிலும் சுமைதூக்கிகளிலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமல் அல்லது எந்த நினைவுமே இல்லாமல் விடப்பட்டார்கள், அது 3,50,000 வரைகூட இருக்கலாம் என்று அதன் அறிக்கை சொன்னது. பெயரே எழுதி வைக்காதவர் வீட்டுக்கு யார் என்ன கடிதம் எழுதியிருக்க முடியும்?

இரண்டாம் உலகப்போரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிக்ஸ்பி கதையில் பொய்யாக இருந்த 'ஐந்து' இங்கே நிஜமானது. அயோவா மாநிலம் வாட்டர்லூவின் சல்லிவன் சகோதரர்கள் ஐவரும் ஜூனோ என்ற ஒரே கப்பலில் இருந்தார்கள். 1942 நவம்பர் 13 அன்று பசிபிக் தீவான குவாடல்கனால் அருகே கப்பல் மூழ்கியது. வீட்டுக்கு ஒரு செய்தியும் இல்லை, ஊரில் வதந்தி மட்டும். 1943 ஜனவரியில் தாய் அலீட்டா கடற்படைக்குக் கடிதம் போட்டார். என் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, பிப்ரவரியில் போர்ட்லண்டில் ஒரு கப்பலுக்குப் பெயர்சூட்ட என்னை அழைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் வந்து சூட்டுவேன், அது அவர்கள் ஆசை என்று எழுதினார். சில நாளில் சீருடையில் மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். 'எந்தப் பிள்ளை?' என்று அப்பா கேட்க, ஐந்து பேருமே என்றார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கடிதம் எழுதினார். அந்த அம்மாள் சொன்னபடியே போய்க் கப்பலுக்குப் பெயர் சூட்டினார். இந்த வரலாற்றில் பெரும்பாலான கடிதங்கள் வீட்டுக்குப் போனவை. வீட்டிலிருந்து அரசாங்கத்துக்குப் போன இந்த ஒரு கடிதம் என்னை அதிகம் உலுக்குகிறது.

வாசலுக்கு ஆள் வருவது சல்லிவன் வீட்டுக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்குத் தந்திதான். வியட்நாமிலும் அப்படியே தொடங்கியது. 1965 நவம்பரில் யா டிராங் பள்ளத்தாக்கில் நான்கு நாளில் 234 அமெரிக்கர்கள் செத்தார்கள். ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரில் மனைவிமார் இருந்த வீடுகளுக்குத் தந்தியை டாக்சி டிரைவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். தளபதி ஹால் மூரின் மனைவி ஜூலியா அதைக் கண்டு பொறுக்காமல், டாக்சி போன வீடுகளுக்கெல்லாம் தானும் போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்தார், சவ அடக்கங்களுக்குப் போனார், மேலிடத்தில் முறையிட்டார். அதற்குப் பிறகுதான் அதிகாரியும் பாதிரியாரும் நேரில் போய்ச் சொல்லும் வழக்கம் நிலைத்தது.

இனி இன்றைய தலைவர்கள். 2004 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு, 1,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போன இரங்கல் கடிதங்களில் இருந்தது இயந்திரம் போட்ட கையெழுத்து என்று ஒப்புக்கொண்டு, இனி தானே போடுவதாகச் சொன்னார். 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன், ஆப்கானிஸ்தானில் இறந்த ஒரு வீரரின் தாய்க்குக் கையாலேயே எழுதினார். குடும்பப் பெயரில் எழுத்துப்பிழை. அந்தத் தாய் கொதித்துப்போனார், அது அவர் உரிமை, பெற்ற பிள்ளையின் குடும்பப் பெயரும் அதுதான். பிரவுனுக்கு இளவயதில் ஒரு கண் பார்வை போய்விட்டது, தடித்த பேனாவால்தான் எழுதுவார். இரண்டில் எது என்று கேட்டால், பிழையோடு வந்த கையெழுத்தையே நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் பெயரை இன்னொரு முறை சரிபார்த்திருக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கடைசியாக ஒன்று. போர்முனையில் தற்கொலை செய்துகொண்ட வீரர்களின் குடும்பத்துக்கு அமெரிக்க ஜனாதிபதி இரங்கல் கடிதம் அனுப்புவதில்லை என்பது நெடுங்கால வழக்கம். ஈராக்கில் மகனை அப்படி இழந்த பெற்றோர் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011 ஜூலையில் ஒபாமா அந்த வழக்கத்தை மாற்றினார். போர்முனையில் நடந்தவற்றுக்கு மட்டும். ஊர் திரும்பி, தன் வீட்டு அறையில் செத்துப்போனவர்கள் அந்த முடிவுக்குள் வரவில்லை.